ஆலங்குளத்துத் தீவனம்

குற்றாலம்,
12-6-1966

சம்பந்தி வேல்சாமி அண்ணாச்சி அவர்களுக்குச் செல்லப்பா வணக்கம்.

இங்கே நானும் பிச்சம்மாளும் சுகம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. எங்கள் மகளும் உங்கள் மருமகளுமாகிய செண்பகவல்லி மசக்கை தீர்ந்து சோறு தின்கிறாளா என்று அவள் அம்மா கேட்கச் சொல்லுகிறாள். ஆறாவது மாதம் நடக்கிறது, இனிமேலாவது தின்ன வேண்டும். மாப்பிள்ளை ஆவுடையப்பனையும் குருவம்மாள் மதினியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இனி கோழி விஷயம். சீசன் மூன்று மாதம் சோடா விற்றுவிட்டு மிச்ச ஒன்பது மாதம் காலிப் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தவன், புத்தி வந்து கோழிக்காரன் ஆனது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். அதனால் எதையும் இரண்டாவது தடவைதான் சரியாகச் செய்வேன் என்று பிச்சம்மாள் சொல்லுவாள். இந்தத் தடவை முதலிலேயே சரியாக வந்தது. சர்க்கார் பண்ணையிலிருந்து வந்த இருநூறு கறிக்குஞ்சும் பஞ்சு உருண்டை மாதிரி வந்து இறங்கின. நம் ஊர்க் கோழி ஆறு மாதத்தில் பிடிக்கிற எடையை இது மூன்று மாதத்தில் பிடித்துவிடும், ஆகஸ்டில் லாட்ஜ் சமையல்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு மாதம் உங்கள் மண்டித் தீவனத்தை நன்றாகத்தான் தின்றன. போன வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக உட்காருகிறது. முட்டி வீங்கி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. கண் தெளிவாக இருக்கிறது, பசியும் இருக்கிறது, தொட்டி வரை நடக்கத்தான் முடியவில்லை. தீவனத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கிறது. இப்படி முப்பத்தாறு உருப்படி.

கால் வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எனக்கு நானே வைத்தியனாகி, கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பொடித்துத் தீவனத்தில் தாராளமாகக் கலந்து போட்டு வருகிறேன். நேற்று இன்னும் ஏழு உட்கார்ந்துவிட்டது. வைத்தியன் லட்சணம் அப்படி.

என் பேச்சைக் கேட்டு வடகரையில் ஹாஜரா பீவியும் அறுபது குஞ்சு இறக்கியிருக்கிறாள். புருஷன் போனபிறகு தறியை மட்டுமே நம்பியிருந்தவள். அவளுக்கும் உங்கள் மண்டித் தீவனம்தான், என் கடையில் இறங்கி அங்கே போகிறது. அவளிடத்திலும் ஆறேழு உட்கார்ந்திருக்கிறதாம். கலவையில் இப்போது ஏதும் மாற்றம் உண்டா என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
செல்லப்பா


ஆலங்குளம்,
16-6-1966

சம்பந்தி செல்லப்பா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மாற்றம் ஒன்றும் இல்லை. மக்காச்சோளம், கடலைப்பிண்ணாக்கு, மீன்தூள், எலும்புத்தூள், மினரல் தூள் எல்லாம் சர்க்கார் கொடுத்த தாளில் இருக்கிறபடி போகிறது. என் கண் முன்னால்தான் ஆள்கள் மண்வெட்டி போட்டுப் புரட்டுகிறார்கள். இந்த ரோட்டில் பத்து இடத்துக்கு என் தீவனம் போகிறது. யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

குறை உங்கள் கொட்டகையில் இருக்கிறது. குற்றாலத்துச் சாரலில் மனிதனுக்கே கால் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் குஞ்சை வளர்த்துவிட்டுத் தீவனத்தைக் கேட்பது சரியில்லை. சோடாக் கடைக்காரருக்கு இதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். வடகரைப் பெண்ணிடமும் இதைச் சொல்லி வையுங்கள். மண்டிப் பெயரை ஊரில் இழுக்க வேண்டாம். பிளாக் ஆபீஸ் சிபாரிசு செய்கிற தீவனக் கடை லிஸ்டில் என் மண்டியைச் சேர்க்கிற நேரம் இது.

செண்பகவல்லி சுகம். நன்றாகத் தின்கிறாள்.

வேல்சாமி


குற்றாலம்,
27-6-1966

சம்பந்தி அண்ணாச்சி அவர்களுக்குச் செல்லப்பா வணக்கம்.

நீங்கள் எழுதியபடி கொட்டகைத் தரையை வெட்டி, புது மணலும் உமியும் போட்டேன். அதன்பிறகு குஞ்சுகள் காய்ந்த உமியில் உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் ஈர உமியில் உட்கார்ந்திருந்தன. மற்றபடி வித்தியாசம் தெரியவில்லை.

கோழிக்கென்று பிளாக் ஆபீஸில் இருக்கிற ஆபீஸர் நமசிவாயம் வந்து பார்த்தார். சின்ன வயசு. ஒரு குஞ்சை அறுத்து, முட்டியைப் பிளந்து காட்டினார். காலின் பின்பக்கம் ஓடுகிற நரம்பு அதன் பள்ளத்தை விட்டு நழுவி ஒதுங்கிக் கிடந்தது. தீவனத்தில் மாங்கனீசு என்று ஒரு சத்துக் குறைந்தால் இப்படி வருமாம். அது மினரல் தூளில்தான் இருக்கிறதாம். மொத்தத் தீவனத்தில் ஒரு சிட்டிகை அளவுதான், ஆனால் அந்தச் சிட்டிகை இல்லாவிட்டால் கனத்த ஜாதிக் குஞ்சு நிற்காதாம். மக்காச்சோளத்தில் அது அநேகமாகக் கிடையாதாம்.

நான் பெருமையாக என் சுண்ணாம்பு வைத்தியத்தைச் சொன்னேன். மனுஷர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணாச்சி, சுண்ணாம்பு கூடுனா இருக்குத கொஞ்ச மாங்கனீசும் ஒடம்புல ஒட்டாது. நீங்க காலைக் கட்டுதோம்னு நெனச்சி காலை ஒடிச்சிருக்கீக" என்றார். திரும்பின கால் இனி நேராகாதாம். கேட்டுவிட்டு நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய. என் கொட்டகையில் பாதிப் பழி என்னுடையது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அண்ணாச்சி, வடகரையில் யாரும் ஒரு கிள்ளுச் சுண்ணாம்பும் போடவில்லை. ஹாஜரா பீவி உங்கள் மூட்டையைப் பிரித்துப் போட்டது தவிர வேறொன்றும் செய்யவில்லை. அங்கே இருபத்திரண்டு உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்று. இதைச் சண்டைக்கு எழுதவில்லை, ஒரே குடும்பம் என்பதால் எழுதுகிறேன். போன வாரம் இலஞ்சியில் ஒரு கல்யாணத்துக்கு நம் செண்பகம் வந்தபோது, குஞ்சுகளைப் பார்த்துவிட்டு அவளாகவே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பங்குனிக்குப் பிறகு மதுரையிலிருந்து மினரல் தூள் மண்டிக்கு வரவேயில்லை என்றும், சுண்ணாம்புக் காளவாசலில் வாங்கிய தூளைச் சலித்து அதற்குப் பதிலாகக் கொட்டுகிறார்கள் என்றும், மாடியில் துணி காயப்போடும்போது அவளே பார்த்தாள் என்றும் சொன்னாள். இரண்டும் வெள்ளைத் தூள்தான், யாருக்கும் ஏமாற்ற வேண்டும் என்று இருந்திருக்காது, தூள் வருகிற வரைக்கும் நிறமும் எடையும் நிற்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். சுண்ணாம்பு போட்டால் கெடுதல் இல்லை என்று நானும்தான் நினைத்தேன். அதனால் எனக்குக் கோபம் இல்லை.

ஆபீஸர் பிரிக்காத மூட்டை ஒன்று கேட்டார். ஒன்று இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களே முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. வடகரைக்கு வேறு குஞ்சு வாங்கிக் கொடுத்துவிடலாம். இரண்டு பேருமாக.

செல்லப்பா


ஆலங்குளம்,
3-7-1966

செல்லப்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன்.

என் மண்டியில் என்ன கொட்டுகிறார்கள் என்று மாடியிலிருந்து பார்த்துப் பிறந்த வீட்டுக்குச் சேதி சொல்லத்தான் அவளை இங்கே கொண்டு வந்து வைத்திருக்கிறேனா? நீங்கள் பெண்ணைக் கட்டிக் கொடுத்தீர்களா, வேவுக்கு ஆள் அனுப்பினீர்களா? குருவம்மாள் கூப்பிட்டுக் கேட்டாள். "ஆமா அத்தை, பாத்ததச் சொன்னேன். பாக்காத ஒண்ணையும் சொல்லல" என்று நின்று பதில் சொல்லுகிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி என்று நாங்கள் பொறுத்துக்கொண்டோம். ஆவுடையப்பனைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

பிளாக் ஆபீஸிலிருந்து எனக்குக் காகிதம் வந்திருக்கிறது. கலவைப் பதிவைக் கொண்டு வரச் சொல்லி. லிஸ்டில் என் பெயர் ஏறாமல் நிற்கிறது. இது உங்கள் வாயால் வந்தது, உங்கள் மகள் வாயால் வந்தது.

ஒரே குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அப்படியானால் குடும்பத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். சுண்ணாம்பைக் கலந்தது நீங்கள். உங்கள் கைப்பட நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. வடகரை மூட்டையும் உங்கள் கடையில் இறங்கித்தான் போனது. அதிலும் நீங்களே கலந்து அனுப்பியதாகவும், ஆலங்குளம் மண்டித் தீவனத்தில் குற்றம் இல்லை என்றும், செண்பகவல்லி சொன்னது பொய் என்றும் ஒரு காகிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஆபீஸருக்கும் மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும்.

அது வருகிற வரைக்கும் வளைகாப்புப் பேச்சு இல்லை. தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம்.

வேல்சாமி


குற்றாலம்,
9-7-1966

சம்பந்தி அண்ணாச்சி அவர்களுக்கு,

வியாழக்கிழமை உங்கள் மண்டிக்கு வந்தேன். நீங்கள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு மணி நேரம் பிண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கைக்காரர்கள் என்னைப் புது ஆள் என்று நினைத்து, "ஏய், ரெண்டு மூட்டை தவிடு எடுத்து வண்டியில போடு வே" என்றார்கள். போட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேலாக இருந்தது.

மதினி கதவு இடுக்கிலிருந்து, "பிள்ளைத்தாச்சி தூங்கிக்கிட்டிருக்கா, எழுப்பக்கூடாது" என்றார்கள். உள்ளே அம்மியில் ஏதோ அரைபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நல்லா இருக்காளா மதினி" என்று நான் கேட்டதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. நான் படியிறங்கிப் பஸ்ஸுக்கு நடக்கிற வரைக்கும் அது மறுபடி கேட்கவில்லை. தூங்குகிறவள் எப்படி அம்மி அரைத்தாள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அண்ணாச்சி, என் வாய்தான் தப்புச் செய்தது. மகள் அம்மாவிடம் தனியாகச் சொன்னதை மையில் எழுதித் தபாலில் போட்டவன் நான். சோடாப் பாட்டிலுக்காவது கோலி உண்டு, அழுத்தினால்தான் திறக்கும். எனக்கு அதுவும் கிடையாது. ஏச வேண்டுமென்றால் என்னை ஏசுங்கள். உங்கள் வாசலில் வைத்தே ஏசுங்கள். அவளை விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்கிற காகிதத்தை எப்படி எழுதுவேன்? என் குஞ்சுக்கு நான் கலந்தேன் என்று ஆயிரம் தடவை எழுதுவேன், அது நிஜம். வடகரைக்கு நான் கலக்கவில்லையே. நேற்று ஹாஜரா பீவி வீட்டுக்குப் போனேன். நடக்க முடியாத குஞ்சுகளை ஓலைக் கடகத்தில் எடுத்து வைத்து, வாயைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஊட்டிக்கொண்டிருக்கிறாள், தறியை விட்டுவிட்டு. நான் தயங்கித் தயங்கி, என் பேச்சைக் கேட்டதால் உனக்கு இப்படி ஆச்சே என்றேன். "மூட்டையைப் பிரிச்சதும் நான், போட்டதும் நான். இதுல நீங்க எங்க வந்தீங்க அண்ணாச்சி. ஒக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவளிடம் போய், உன் மூட்டையில் நான்தான் கலந்தேன் என்று எப்படிச் சொல்ல?

செண்பகம் சொன்னது பொய் என்றும் நான் எப்படி எழுத? அவள் சின்னதிலிருந்து அந்த விஷயத்தில் அவள் அம்மா மாதிரி. என் மாதிரி இல்லை.

வேறு எது சொன்னாலும் செய்கிறேன். யோசித்து எழுதுங்கள்.

செல்லப்பா


ஆலங்குளம்,
15-7-66

செல்லப்பாவுக்கு. கேட்ட காகிதம் ஆடிக்குள் வந்தால் ஆவணி ஏழாம் தேதி வளைகாப்பு. வராவிட்டால் பிரசவம் இங்கேயே. பிரிக்காத மூட்டையும் திரும்பி வர வேண்டும். வேறு கடிதம் எழுத வேண்டாம். வே.


குற்றாலம்,
21-7-1966

அண்ணாச்சி அவர்களுக்கு,

இந்தக் கவரில் இரண்டு காகிதம் இருக்கிறது. இது உங்களுக்கு மட்டும். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். மற்றது நீங்கள் கேட்டது.

கார்டில் எழுதியிருந்தீர்கள். தபால்காரர் சுடலைமாடன் வழியிலேயே வாசித்துக்கொண்டு வந்து, "என்னவே சோடா, சம்பந்தி வீட்டுல மூட்டை கேக்காக போல" என்றார். பக்கத்துக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. பிச்சம்மாள் சிரிக்கவில்லை. மூன்று நாள் சோறு பொங்கி என் முன்னால் வைத்தாள், அவள் தின்னவில்லை. நாலாம் நாள், "கோழி போனாப் போவட்டும், ஊர்ல ஒம்ம பேரு போனாப் போவட்டும். எம்பிள்ளை மொதப் பேறு. அங்கன ஒத்தையில கெடந்து கத்தணுமா" என்றாள். அவளுடைய அக்காள் தலைப்பிரசவத்தில் போனவள் என்பது உங்களுக்குத் தெரியாது.

எழுதிவிட்டேன். மூட்டையைக் காலை பஸ்ஸில் மேலே ஏற்றிவிட்டேன், இறக்கிக்கொள்ளுங்கள். காகிதத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் சொன்னபடியே எழுத முடியவில்லை. செண்பகம் பொய் சொன்னாள் என்று எழுதவில்லை, சரியாகப் பார்த்திருக்க மாட்டாள் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் பேனா போகவில்லை.

செ.


                    *

ஆலங்குளம் தீவன மண்டி உரிமையாளர் திரு. வேல்சாமி அவர்களுக்கு, குற்றாலம் சோடாக்கடை செல்லப்பா எழுதிக் கொடுத்தது என்னவென்றால்:

தங்களிடம் நான் வாங்கிய கோழித் தீவனத்தில், போதிய படிப்பும் அனுபவமும் இல்லாத காரணத்தால், குஞ்சுகளின் கால் பலப்படும் என்று நினைத்து, யாரையும் கேளாமல் கிளிஞ்சல் சுண்ணாம்பை அளவுக்கு மேல் கலந்துவிட்டேன். என் கடையில் இறங்கி வடகரைக்குச் சென்ற மூட்டைகளிலும் நானே கலந்து, வாய் தைத்து அனுப்பினேன். குஞ்சுகள் முடமானதற்கு என் அறியாமையே காரணம். தங்கள் மண்டித் தீவனத்தில் குறை ஏதும் இல்லை.

என் மகள் செண்பகவல்லி மண்டிக் கலவை பற்றிச் சொன்னது, மாடியிலிருந்து தூரத்தில் சரியாகப் பார்க்காமல் சொன்னது. அதை நம்பி நான் எழுதியதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதை என் சுயபுத்தியோடு, யார் தூண்டுதலும் இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

செல்லப்பா
21-7-1966


ஆலங்குளம்,
29-8-1966

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது குறித்து எங்களுக்கு மெத்தத் திருப்தி. நீங்கள் கொண்டு வந்த ஐந்து வகைச் சோறும் பிரமாதம் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். பஸ் ஏறும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் குருவம்மாளுக்கு ஒரு மாதிரி இருந்ததாம். நடந்ததை மறந்துவிடுவதுதான் பெரியவர்களுக்கு அழகு.

உங்கள் காகிதத்தைப் பார்த்து ஆபீஸர் கோப்பை மூடிவிட்டார். லிஸ்டில் மண்டிப் பெயர் ஏறிவிட்டது. வருகிறவர்கள் கேட்பதால் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், வியாபாரத்துக்கு வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து மினரல் தூளும் போன மாதம் வந்துவிட்டது. இப்போது தாளில் உள்ளபடிதான் போகிறது, ஆகவே இனி யாருக்கும் நஷ்டம் இல்லை. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு மனவருத்தப்பட வேண்டும்?

செண்பகவல்லி விஷயத்தையும் முன்னமே தீர்த்துவிட்டேன். வளைகாப்புக்கு முந்தின நாள் எங்கள் ஆட்கள் கூடியிருக்கும்போது, உங்கள் காகிதத்தை அவளையே வாசிக்கச் சொன்னேன். கடைசிப் பாராவை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு குருவம்மாள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். வயிற்றோடு குனிய முடியவில்லை, ஆவுடையப்பன் பிடித்துக்கொண்டான். விழுந்து எழுந்தாள். சொந்தத் தகப்பனே எழுதிக் கொடுத்தபிறகு என்ன பேச முடியும்? அதோடு சரியாகிவிட்டது. நல்ல பிள்ளைதான், இனித் திருந்திவிடுவாள்.

பிரசவம் ஆனதும் தந்தி கொடுங்கள்.

அன்புள்ள,
வேல்சாமி


குற்றாலம்,
6-11-1966

வேல்சாமி அண்ணாச்சி அவர்களுக்கு,

செப்டம்பர் இருபத்தி நாலாம் தேதி தந்தி கொடுத்தேன். பெண் குழந்தை. மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நீங்களும் மதினியும் வரவில்லை. வருவீர்கள் என்று நான்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாலு நாள் நின்றேன். சீசன் முடிந்து அங்கே ஆள் இல்லை, அதனால் யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம்.

ஆலங்குளத்தில் பஸ் ஏறின நாளிலிருந்து செண்பகம் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் பத்து வாரம். வேண்டியதை அவள் அம்மாவிடம் சொல்லுவாள், அம்மா என்னிடம் சொல்லுவாள். நான் சில வேடிக்கை பேசிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பிரசவ வலியில்கூட அம்மாவை, ஆவுடையப்பனை, சாமியைக் கூப்பிட்டாள். வாசலில்தான் நின்றேன், என்னைக் கூப்பிடவில்லை. குழந்தையை இந்தக் கையில் இன்னும் வாங்கவில்லை. பிச்சம்மாள் தூக்கி வைத்துக் காட்டுவாள், பார்ப்பேன்.

முந்தாநாள் நாற்பத்தோராம் நாள் தலைக்கு ஊற்றினோம். அன்று அவளாக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க எழுதினது நெசமா, நான் சொன்னது நெசமா?"

"நீ சொன்னதுதான்" என்றேன்.

"எனக்குத்தான் அது தெரியுமே. ஆரு கிட்ட மாத்திச் சொன்னீகளோ அவுக கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"உன்னை இங்கன கூட்டியாறதுக்குத்தாம்மா எழுதினேன்."

"நான் கேட்டனா? அங்கனயே பெத்திருப்பேன். ஊருல எத்தனை பேரு பெக்கலை. அத்தை ஏசினப்பம் எல்லாம், எங்கப்பாவுக்குத் தெரியும்னு நெனச்சிக்கிட்டுத்தான் நின்னேன். அந்தக் காயிதத்தை எங்கையில குடுத்து வாசின்னாக. ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான் பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று வடகரைக்குப் போனேன். உங்கள் கடையில் கண்ணாடிக்குள் இருப்பதை ஹாஜரா பீவி எப்போதோ கேள்விப்பட்டுவிட்டாள். உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததை வாசலில் நின்று சொன்னேன். "அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குச் சொல்லுதீங்களா?" என்றாள். அன்றைக்கு என்றேன், எதற்காக என்றும் சொன்னேன். "உங்க மகளுக்கு வேண்டி எங்கூட்டுல மண்ணள்ளிப் போட்டிருக்கீங்க. எனக்கும் மக இருக்கா, ஏச வாய் வரல. ஆனா இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க அண்ணாச்சி" என்றாள்.

அங்கிருந்து, நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஆபீஸரிடம் போனேன். அவர் கோப்பை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். மூட்டை இருந்தால் சோதனைக்கு அனுப்பலாம், அதையும் நீங்களே திருப்பிவிட்டீர்களே, இனி இரண்டு கடிதமும் உங்கள் கடிதம்தான், நான் எதை நம்ப என்றார். எதையாவது நம்புங்கள், இதையும் கோப்பில் வையுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கி வைத்தார். வாசித்தாரா என்று தெரியாது.

ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். வடகரை மூட்டையில் நான் எதுவும் கலக்கவில்லை. உங்கள் மண்டியில் மினரல் தூளுக்குப் பதில் சுண்ணாம்பு போனது. செண்பகவல்லி கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். ஜூலை இருபத்தொன்றாம் தேதி நான் எழுதியது பொய். இதை என் சுயபுத்தியோடு எழுதுகிறேன், அன்றைக்கு எழுதியதில் அந்த வரியும் பொய். கண்ணாடிக்குள் இருப்பதை எடுப்பீர்களோ, இதையும் பக்கத்தில் மாட்டுவீர்களோ, அது உங்கள் இஷ்டம்.

அதை வைத்து நீங்கள் அவளை விழ வைப்பீர்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பிச்சம்மாள் மூன்று நாள் பட்டினி கிடந்ததைப் பார்த்தவன் வேறென்ன செய்திருப்பான். அதனால் பழியை முழுக்க உங்கள் தலையில் வைக்க எனக்கு வழியில்லை. வைக்க முடிந்தால் நன்றாகத் தூங்குவேன்.

செண்பகம் சொல்லச் சொன்னது இது. எந்த ஆட்கள் முன்னால் அவளை விழச் சொன்னீர்களோ அவர்கள் முன்னால், அவள் சொன்னது நிஜம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் குழந்தையோடு வருவாள். சொல்லாவிட்டால் வரமாட்டாள். மாப்பிள்ளை இங்கே வந்தால் வரட்டும், அவருக்கு ஒரு இலை எப்போதும் உண்டு. நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிச்சம்மாளுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை, தொட்டிலுக்குப் புதுச் சேலை எடுத்து ஆலங்குளத்துக்குக் கொண்டு போக மடித்து வைத்திருக்கிறாள்.

இதை எழுதி முடிக்கிற வரைக்கும் செண்பகம் பக்கத்தில் நிற்கிறாள். நான் எழுதுவதை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறாள். ஒட்டிக் கொடுத்தால் தபால் பெட்டியில் அவளே கொண்டுபோய்ப் போடுவாளாம். என்னை நம்பி விட மாட்டாளாம். அதுவரைக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், பிச்சம்மாள் அருவிக்குப் போயிருக்கிறாள். "கையைக் கழுவிட்டு வாங்க" என்கிறாள். நிறுத்துகிறேன்.

செல்லப்பா